தோற்றுத் தோற்று வளர்ந்த அணி

கேள்வி: பேஸ்பாலில் சில அணிகள் வருடக்கணக்கில் தோற்று, இளம் வீரர்களைச் சேர்த்து, பிறகு கோப்பையை வெல்கின்றன என்கிறார்களே, நடக்கிற காரியமா?

பதில்: நடந்திருக்கிறது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011இல் 106, 2012இல் 107, 2013இல் 111 ஆட்டங்களில் தோற்றது. ஒரு பருவத்துக்கு மொத்தமே 162 ஆட்டங்கள். கடைசியில் நிற்கும் அணிக்கே இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் அடுத்த டிராஃப்டில் முதல் வீரரை எடுக்கும் உரிமை என்பது அன்றைய விதி.

2012இல் அவர்கள் எடுத்தது போர்ட்டோ ரிக்கோவின் 17 வயது கார்லோஸ் கொரேயாவை. முதலிடத்துக்கு ஒதுக்கிய தொகையைவிடக் குறைவாக, 48 லட்சம் டாலருக்கு அவர் ஒப்புக்கொண்டார். மிஞ்சிய பணம், அதிக விலை கேட்ட லான்ஸ் மெக்கல்லர்ஸை 41ஆவது இடத்தில் பிடிக்க உதவியது. அவர்கள் கோப்பையை வென்ற 2017 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஆஸ்ட்ரோஸுக்காகப் பந்துவீச்சைத் தொடங்கியவர் அவர்தான். அபாரமான கணக்கு!

ஆனால் 2013இல் முதலாவதாக எடுத்த மார்க் அப்பெல் அந்த அணிக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. மைனர் லீக் படிகளில் பெரும்பாலான இளைஞர்கள் இப்படித்தான் நின்றுபோகிறார்கள். அணியின் நட்சத்திர வீரர் ஹோசே அல்டுவேயோ டிராஃப்ட் வழியே வந்தவரே அல்ல. வெனிசுவேலாவிலிருந்து 15,000 டாலருக்குச் சேர்ந்தவர்.

2017இல் ஆஸ்ட்ரோஸ் எதிரணி கேட்சரின் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடியதும் பின்னர் உறுதியானது. அந்தக் கறையை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

2023 டிராஃப்ட் முதல், முதல் ஆறு இடங்களைக் குலுக்கல்தான் முடிவுசெய்கிறது. தோற்பதற்குப் பரிசு நிச்சயமில்லை என்றானது, டிக்கெட் வாங்கும் ரசிகருக்குச் செய்த நியாயம்.