படத்தோடு சேர்த்து நெய்த பாட்டு

கேள்வி: ‘யுவர் நேம்’ அனிமேஷன் படத்தில் பாட்டு வரும்போதெல்லாம் கண் கலங்கிவிடுகிறது. மொழி புரியாத பாட்டு எப்படி இவ்வளவு உலுக்குகிறது?
– கல்லூரி மாணவி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: விடை உங்கள் ஊர்த் தறியிலேயே இருக்கிறது. கோர்வைச் சேலையின் கரையைத் தனியே நெய்து பிறகு தைப்பதில்லை. மூன்று நாடா ஓட்டி, உடலோடு கோத்தே நெய்கிறார்கள். 2016-ல் வந்த அந்தப் படத்தின் இசையும் அப்படித்தான் உருவானது. இயக்குநர் மகோட்டோ ஷின்காய், திரைக்கதை நிலையிலேயே ராட்விம்ப்ஸ் ராக் குழுவை அழைத்துவிட்டார். காட்சிக்காகப் பாட்டும் மாறியது; பாட்டுக்காகக் காட்சியின் நீளமும் மாறியது.

‘ஸ்பார்க்கிள்’ பாட்டைக் கவனியுங்கள். பியானோவில் மெல்லத் தொடங்கி, டிரம்ஸும் மற்ற வாத்தியங்களும் சேரச் சேர விரிகிறது. அது ஒலிக்கும் காட்சியில் வானில் வால்நட்சத்திரம், கீழே ஓடிவந்து விழும் நாயகி மிட்சுஹா உள்ளங்கையைத் திறக்கிறாள். அங்கே அவளால் பேச முடியாததை குழுவின் பாடகர் யோஜிரோ நோடாவின் குரல் பேசுகிறது. உணர்ச்சிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

மிட்சுஹாவின் வீட்டாரும் நூலிழைகளைக் கயிறாகப் பின்னுகிறவர்கள்தான். அடுத்த முறை ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள்; இழை எங்கே சேர்கிறது என்பது நெசவூர்ப் பெண்ணான உங்களுக்கு நன்றாகவே தெரியும்.