வேகம் இருந்தது, உலோகம் இல்லை

ஊதிய பலூனின் வாயைத் திறந்துவிட்டால் காற்று பின்னால் சீறும். பலூன் முன்னால் பாயும். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்னும் நியூட்டன் விதி இது. ஜெட் எஞ்சினும் இவ்விதியின்படியே விமானத்தை முன்னே தள்ளுகிறது. இவ்வகை எஞ்சினுடன் முதன்முதலாகப் போரில் இறங்கிய சண்டை விமானம், ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் மீ-262 ஆகும்.

1942 மார்ச் 25 அன்று இதன் இறக்கைகளில் இரு ஜெட் எஞ்சின்களைப் பொருத்திச் சோதித்தனர். முன்னெச்சரிக்கையாக, மூக்கில் பழைய பிஸ்டன் எஞ்சினையும் விட்டுவைத்திருந்தனர். நல்லவேளை! பறக்கத் தொடங்கியதும் இரு ஜெட் எஞ்சின்களும் பழுதடைந்தன. பிஸ்டன் எஞ்சினின் உதவியால் விமானி ஃபிரிட்ஸ் வெண்டல் உயிர் தப்பித் தரையிறங்கினார். பின்னர் யூமோ-004 என்னும் வேறு எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. 1942 ஜூலை 18 அன்று விமானம் ஜெட் விசையால் மட்டுமே பறந்தது. மணிக்குச் சுமார் 870 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடியது இது.

ஆயினும் 1944இல்தான் இது போருக்கு வந்தது. ஏன் இத்தனை தாமதம்? இதைக் குண்டுவீச்சு விமானமாக்கும்படி ஹிட்லர் வற்புறுத்தியதே காரணம் என்று பலர் கூறுவதுண்டு. உண்மையில் பெரிய தடை எஞ்சினுக்குள்ளேயே இருந்தது.

ஜெட் எஞ்சின் காற்றை உள்ளிழுத்து அழுத்துகிறது. அதில் எரிபொருளை எரிக்கிறது. சூடான வாயு ஒரு சுழலியைச் சுற்றிவிட்டுப் பின்புறமாகப் பீறிடுகிறது. சுழலியின் தகடுகள் நெருப்புச் சூட்டில், நிமிடத்திற்கு 8,000 தடவைக்கு மேல் சுழல வேண்டும். சாதாரண எஃகு இதைத் தாங்குமா? நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக் கலவை தேவை. போர்க்கால ஜெர்மனியில் இவை அரிதாகிவிட்டன.

எனவே பொறியாளர்கள் தகடுகளை உட்குழிவாகச் செய்து, உள்ளே குளிர்காற்றைச் செலுத்தினர். எரி அறைகளைச் சாதாரண எஃகில் செய்து அலுமினியம் பூசினர். அப்படியும் எஞ்சினின் ஆயுள் சுமார் 25 மணி நேரமே! அதாவது, ஒரு நாளும் ஒரு மணியும்.

1,400க்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன. ஆனால் எரிபொருளும் பயிற்சி பெற்ற விமானிகளும் போதாமல், அவற்றில் பல போரிடவே இல்லை. இவற்றின் உடற்பகுதிகளைச் செய்ய, ஆஸ்திரியாவின் குசென் வதைமுகாம் கைதிகள் சுரங்கங்களில் வதைக்கப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

உட்குழிவான தகட்டைக் காற்றால் குளிர்விக்கும் முறை இன்றைய பயணி விமானங்களிலும் பயன்படுகிறது. மீ-262இன் படத்தைக் காணும்போது அந்தத் தகட்டை நினையுங்கள். அந்தச் சுரங்கத்தையும் மறவாதீர்கள்.