ஏழைகளுக்கு மருத்துவமனை: கட்டடமா, வருமானமா முதலில்?



நம் ஊரிலும் ஓர் இலவச மருத்துவமனை கட்டினால் என்ன என்ற கேள்வி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர் ஜமாஅத்தாரிடமிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது. இடம் தர ஒரு சகோதரர் முன்வந்திருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் சிலர் கட்டடச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அல்லாஹ் அவர்களுடைய நிய்யத்தைக் கபூல் செய்வானாக. முடிவெடுக்கும் முன், இந்தக் காரியத்தில் முன்பு இறங்கியவர்கள் என்ன செய்தார்கள், எது நிலைத்தது என்று பார்த்துக்கொள்வது நல்லது. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் வயதானவர்கள் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வார்கள். 1780இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் பாழாகி, பஞ்சத்தில் மக்கள் சென்னைக்கு ஓடி வந்தார்கள். 1782இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. ஊர் மணியக்காரர் நடத்தியதால் அது மணியக்காரர் சத்திரம் ஆனது. பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்தார்கள். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் உள்ளூர் ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார்; பிறகு அது சத்திரத்தோடு சேர்ந்தது. 1938இல் அங்கே இருந்த மருத்துவப் பள்ளி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. ஒரு கஞ்சிப் பானையில் தொடங்கிய காரியம் இது.

அதே நூற்றாண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரத்திலும் ஏழைகளுக்கான மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. 1718இல் ஆறு அறுவை மருத்துவர்கள் சேர்ந்து ஒரு சிறு வீட்டில் ஒன்றைத் தொடங்கினார்கள். 1742 ஏப்ரலில் ஹாண்டல் என்ற இசைமேதையின் கச்சேரியில் கிடைத்த பணம் இரண்டு மருத்துவமனைகளுக்கும், கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களை மீட்பதற்கும் போனது. 142 பேர் விடுதலையானார்கள். (கடனாளியை மீட்பது ஜகாத்தின் எட்டு வகைகளில் ஒன்று என்பது நமக்குத் தெரியும்.) 1745இல் பார்த்தலோமியூ மோஸ் என்ற மருத்துவர், ஏழைப் பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைப் பார்த்து, பழைய நாடகக் கொட்டகை ஒன்றில் பிரசவ மருத்துவமனை திறந்தார். பின்பு பெரிய கட்டடத்துக்கு ஆசைப்பட்டார். பூங்கா அமைத்து நுழைவுச் சீட்டு விற்றார், லாட்டரி நடத்தினார். லாட்டரி நமக்கு ஹராம், அந்த வழியே நமக்கு இல்லை. 1757இல் கட்டடம் திறந்தது. 1759இல் அவர் கடன்சுமையோடு இறந்தார். மருத்துவமனை இன்றும் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டியவரின் குடும்பம் பட்டதை நாம் மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் இங்கிலாந்து, அயர்லாந்து தர்ம மருத்துவமனைகள் பெரும்பாலானவற்றில் சந்தா கட்டும் பெரிய மனிதர் ஒருவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தால்தான் ஏழைக்கு அனுமதி. நோயோடு போய் ஒருவர் வாசலில் நிற்க வேண்டும்.

நம் முன்னோர் செய்தது வேறு விதம். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில், அதாவது 1284இல், எகிப்தின் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் ஒரு பீமாரிஸ்தான் கட்டினார். அவர் முன்பு திமிஷ்கில் நோயுற்றபோது நூருத்தீன் கட்டிய மருத்துவமனையின் மருந்தால் குணமடைந்தார். அப்போது செய்த நேர்ச்சை அது என்பார்கள். ஆண், பெண், செல்வர், ஏழை, உள்ளூரார், வெளியூரார் எல்லோருக்கும் இடம் உண்டு. குணமாகும் வரை தங்கலாம் என்று வக்பு பத்திரத்தில் எழுதி வைத்தார். காய்ச்சலுக்குத் தனி இடம், கண் நோய்க்குத் தனி இடம். இதற்கெல்லாம் பணம்? கடைகள், குளியல் கூடங்கள் போன்ற சொத்துகளை அதற்கென்று வக்பு செய்துவிட்டார். வாடகை வந்துகொண்டே இருக்கும், மருந்து வாங்கிக்கொண்டே இருக்கலாம். அந்த வளாகத்தில் இன்றும் ஒரு கண் மருத்துவமனை நடக்கிறது.

நமக்குப் பக்கத்தில் நடந்த கதைக்கு வருவோம். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்ற கிராமத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மேலே சொன்ன கஞ்சித்தொட்டியின் வாரிசான ஸ்டான்லியில்தான் 1944இல் படித்துப் பட்டம் வாங்கினார். ராணுவத்தில் மருத்துவராக இருந்தபோது கடுமையான மூட்டுவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கண் அறுவை கற்றுக்கொண்டு, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுத் தலைவராக இருந்து 1976இல், 58 வயதில், ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் வீட்டில் உட்காரவில்லை. வீட்டை அடமானம் வைத்து, உடன்பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

நம் ஆட்கள் பலரும் அரவிந்துக்குப் போய் வந்திருப்பார்கள். ஆனால் அது எப்படி நடக்கிறது என்று யோசித்திருக்க மாட்டோம். பணம் கட்டிப் பார்க்கும் பக்கம் ஒன்று, இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பார்க்கும் பக்கம் ஒன்று. எந்தப் பக்கம் போவது என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை, சிபாரிசுக் கடிதம் கேட்பதில்லை. மருத்துவர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை செய்கிறார்கள். பணம் கட்டுகிறவருக்குக் கூடுதல் வசதியுள்ள அறை கிடைக்கும், அறுவை ஒன்றுதான். கட்டுகிறவரின் கட்டணமே கட்ட முடியாதவரின் செலவையும் தாங்குகிறது. கலாவூனின் கடை வாடகை செய்த வேலையை இங்கே இது செய்கிறது. 1992இல் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸின் விலையில் இது ஒரு சிறு பங்குதான். நம் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ போவதுபோல அந்த லென்ஸும் பல நாடுகளுக்குப் போகிறது.

அவர்கள் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் நமக்கு மிக முக்கியம். அறுவை இலவசம் என்று சொன்ன பிறகும் கிராமத்து ஏழைகள் பலர் வரவில்லை. ஏன்? பஸ் கட்டணம், சாப்பாடு, கூட வர ஆள் இல்லாமை, பயம். அதனால் முகாமில் தேர்வானவர்களை வண்டியில் ஏற்றி, சாப்பாடு போட்டு, அறுவை முடிந்ததும் கொண்டுவந்து விடத் தொடங்கினார்கள். முகாமுக்கு இடம் பிடிப்பது, ஊரெங்கும் சொல்வது ஆகிய வேலைகளை உள்ளூர்ச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் செய்கின்றன.

இப்போது நம் விஷயம். இரு ஊரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் பல வீடுகளில் உண்டு. இருந்தும் நம் மஹல்லாவில் கண்புரையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நன்னிமார்களைப் பார்க்கிறோம். மகன் மில் வேலைக்குப் போக வேண்டும், மருமகள் குழந்தைகளை விட்டு வர முடியாது, "இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா" என்று அவர்களும் சொல்லிவிடுவார்கள். நாம் ஒரு புதுக் கட்டடம் கட்டினாலும் அவர்கள் திண்ணையில்தான் இருப்பார்கள்.

ஜகாத் பணத்தைக் கட்டடத்தில் போடலாமா என்றும் சிலர் கேட்டார்கள். ஜகாத், அதற்குத் தகுதியுள்ளவரின் கையில் அவருடைய உரிமையாகச் சேர வேண்டும் என்பதே நம் ஆலிம்கள் பெரும்பாலோரின் தீர்ப்பு. ஆகவே ஏழை நோயாளியின் மருந்துக்கும் சிகிச்சைக்கும் அவர் கையில் கொடுக்கலாம். செங்கல்லுக்கும் மருத்துவர் சம்பளத்துக்கும் ஸதகா, வக்பு வருமானம் வேண்டும். தகுதியை விசாரிப்பது நம் கடமை. அதற்காக நோயாளியை வாசல் வாசலாகக் கடிதம் வாங்க அனுப்ப வேண்டியதில்லை. நாம் அவர் வீட்டுக்குப் போகலாம். வரும் மாதத்திலிருந்து இரண்டு பேர் கொண்ட குழு அப்படியே செய்யும், இன்ஷா அல்லாஹ்.

இடம் தரும் சகோதரரிடம் நிர்வாகக் குழு ஒரு கோரிக்கை வைத்திருக்கிறது. அந்த இடம் கடைவீதியைப் பார்த்து இருக்கிறது. முன்புறம் கடைகள் கட்டி, வாடகை முழுவதும் நோயாளிகளுக்கே என்று வக்பு பத்திரத்தில் எழுதலாம். பின்புறம் முதலில் ஒரே ஓர் அறை, வாரம் இரண்டு நாள் மருத்துவர் ஒருவர் வந்து பார்க்க. வாகிஃபின் நிபந்தனை பின்னால் வருபவர்களைக் கட்டுப்படுத்தும் என்பதால் அவசரப்பட்டு எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டோம். அவர் வீட்டாரோடு கலந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அதுவரை கண் முகாமுக்கான வேலையைத் தொடங்குகிறோம். அறுவைக்குப் போகும் பெண்களோடு மதுரையில் ஓரிரு நாள் தங்க மனமுள்ள சகோதரிகளும், வண்டி தந்து உதவ முடிந்தவர்களும் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும். கூட வர ஆள் இல்லாத பெரியவர்கள் உங்கள் தெருவில் யார் யார் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.