கோடையில் குழந்தைகளின் கைகளுக்கு வேலை கொடுப்போம்

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. அதன் பிறகு நம் நடுநிலைப் பள்ளி வளாகங்களுக்குள் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள். நான் பணியாற்றும் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமப் பள்ளியிலும் அப்படி ஒரு வகுப்பு நடக்கிறது. மேல் வகுப்புகளுக்குத் தேர்வுகள் நெருங்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மதியப் பாடவேளைகளில் அச்சிறு குழந்தைகளோடு இருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. அந்த நாள்களில் நாங்கள் செய்த கைவேலைகளையும் அவற்றால் என்ன கற்றோம் என்பதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எழுதும் கைக்கு முன் செய்யும் கை

பெற்றோர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "டீச்சர், பிள்ளைக்கு இன்னும் 'அ' எழுத வரலையே. ஓலையைக் கிழிச்சுக்கிட்டே இருந்தா எப்படி?" பக்கத்து ஊர்ப் பள்ளியில் அதே வயதுக் குழந்தை நான்கு வரி நோட்டில் எழுதும்போது இந்தக் கவலை வருவது இயல்பே. அதற்குத் தெளிவான விடை சொல்வது நம் கடமை.

மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை, குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடும். நான்கு வயதுக் குழந்தை பென்சிலை முழுக் கையால் இறுக்கிப் பிடித்துத் தாள் கிழியும்படி அழுத்துவதைக் கண்டால் அதைச் சோம்பலாகவோ பிடிவாதமாகவோ கொள்ள வேண்டாம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பிடிக்கும் பிடி அந்தக் கைக்கு இன்னும் கூடி வரவில்லை, அவ்வளவுதான். கிள்ளுதல், உருட்டுதல், கிழித்தல், கோத்தல் ஆகியவையே அந்தப் பிடியை உருவாக்கும் வேலைகள். 1837இல் ஜெர்மனியில் சிறு குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபெல் களிமண், காகித மடிப்பு, பின்னல் ஆகியவற்றைப் பாடமாகவே வைத்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியும் கையின் வழியாகவே அறிவு வளர்கிறது என்ற கருத்தை முன்வைத்தவர்.

செயல்பாடு 1: களிமண்

கோடையில் குளம் வற்றியதும் மண் எளிதாகக் கிடைக்கும். முள், கண்ணாடித் துண்டு இல்லாதபடி சலித்து, ஓர் இரவு ஊறவைத்துப் பிசைந்துகொள்ள வேண்டும். கையில் ஒட்டாத பதம் சரியானது. முதல் நாள் எதையும் செய்யச் சொல்லாமல் விளையாட மட்டும் விடலாம். அடுத்து உருண்டை, பிறகு பாம்பு, பிறகு தட்டை என்று வரிசையாகச் செல்லலாம். செய்த பொருள்களை நேர் வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். நிழலில் உலர்த்த வேண்டும்.

இதில் ஒரு சிந்தனைப் பயிற்சியும் உண்டு. ஒரே அளவில் இரண்டு உருண்டைகள் செய்து, குழந்தையின் கண்முன்னே ஒன்றைப் பாம்பாக உருட்டி, "எதில் மண் அதிகம்?" என்று கேளுங்கள். நான்கு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் பாம்பையே காட்டுவார்கள். உருவம் மாறினாலும் அளவு மாறாது என்ற புரிதல் பிறகுதான் வரும் என்று பியாஜே விளக்கியதை நாம் பி.எட். வகுப்பில் படித்திருக்கிறோம். இங்கே அதை நேரில் காணலாம். விடையைத் திருத்த வேண்டாம். மீண்டும் உருண்டையாக்கிக் காட்டினால் போதும்.

செயல்பாடு 2: பனை ஓலை

பனை நம் மாநில மரம். எங்கள் வகுப்பில் பனையேறும் குடும்பங்களின் குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். பதநீர்ப் பருவத்தில் பெற்றோரோடு விடிலியில் தங்கிவிடுவதால் இந்தக் குழந்தைகளே அதிகம் விடுப்பு எடுப்பவர்கள். வகுப்பில் குறைவாகப் பேசுபவர்களும் இவர்களே. ஓலை வகுப்புக்குள் வந்த நாளில் நிலைமை மாறியது. "இது குருத்தோலை, இது சாரோலை. மட்டையில கருக்கு இருக்கு, கையை வைக்காதீங்க டீச்சர்" என்று ஒரு சிறுமி எனக்கே சொல்லித் தந்தாள். ஈர்க்கு, நார், பன்னாடை என்று அன்று கரும்பலகையில் ஏறிய சொற்கள் எல்லாம் அவர்கள் வீட்டுச் சொற்கள். மறுநாள் அவளுடைய ஆச்சி வந்து பெட்டி முடைந்து காட்டினார். அதன் பிறகு அச்சிறுமி விடுப்பு எடுத்த நாள்களில் மற்ற குழந்தைகள் அவளைத் தேடத் தொடங்கினார்கள்.

காற்றாடி செய்ய விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் ஓலைத் துண்டு போதும். நடுவில் துளையிட்டு, இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் சற்றே முறுக்கி, ஈர்க்கில் தளர்வாகக் கோக்க வேண்டும். நம் காலத்தில் கருவேல முள்ளில் கோத்தோம். இந்த வயதுக்கு அது வேண்டாம். துளையிடுவது ஆசிரியர் வேலை. ஓலையின் இருபுறமும், ஈர்க்கின் கூர் முனையிலும் களிமண் உருண்டை வைப்பது குழந்தையின் வேலை. முறுக்காத ஓலை ஏன் சுற்றவில்லை என்பதை ஓடிப் பார்த்து அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

நுங்கு எடுத்த வெறுங்காய்கள் இரண்டைக் குச்சியால் இணைத்துக் கவைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. மூன்று நாளில் காய் வாடி எறும்பு மொய்க்கும். அப்போது புதியது செய்துகொள்ளலாம்.

செயல்பாடு 3: இலையும் வண்ணமும்

உதிர்ந்த அரச இலை, பூவரச இலை, வேப்பிலைகளை ஒவ்வொரு குழந்தையும் ஐந்து பொறுக்கி வரட்டும். வடிவம், அளவு, நிறம் என்று பிரித்து வைப்பதே கணக்குப் பாடம். இலையின் அடிப்புறம் மேலே இருக்குமாறு வைத்து, அதன்மேல் தாளைப் பரப்பி மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்புகள் தாளில் எழும்.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் அச்சு தயார். பீட்ரூட் சாறும் கரைத்த மஞ்சளும் வண்ணங்கள். மஞ்சள் காய்ந்த தாளில் சமையல் சோடா கரைத்த நீரைப் பஞ்சால் தொட்டால் அந்த இடம் சிவக்கும். இதற்குச் சுண்ணாம்பைப் பயன்படுத்த வேண்டாம். தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

• குன்றிமணி பார்க்க அழகானது. ஆனால் மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதை, அரளி, ஊமத்தை ஆகியவையும் வகுப்பறைக்குள் வரக் கூடாது. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது.
• புளியங்கொட்டை, மணி போன்ற சிறு பொருள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கும். இந்த வயதில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.
• பனை மட்டையின் கருக்கை நீக்கிய பிறகே ஓலையைக் கொடுக்க வேண்டும். கத்தரிக்கோல் மழுங்கிய முனை உடையதாக இருக்கட்டும்.
• வெளியில் செய்யும் வேலைகளைக் காலை 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு செயல்பாட்டுக்கு 20 நிமிடம் போதும். இடையிடையே தண்ணீர் குடிக்கச் செய்ய வேண்டும்.

யாருடைய கைவேலை?

ஆண்டு விழாக் கண்காட்சி நெருங்கும்போது ஆசிரியரே வெட்டி, ஒட்டி, குழந்தையின் பெயரை எழுதிவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி உருவான அழகான யானையைவிட, குழந்தை தானே பிடித்த காலொடிந்த யானைக்கு மதிப்பு அதிகம். "இது என்ன?" என்பதை விட "எப்படிச் செய்தாய், சொல்" என்று கேட்பது நல்லது. குழந்தை சொல்வதை ஒரு வரியில் தாளின் ஓரத்தில் எழுதிவைக்கலாம். பேசியது எழுத்தாகிறது என்பதைக் குழந்தை அங்கேதான் முதலில் காண்கிறது.

மதிப்பீட்டுக்கும் பெரிய பதிவேடு தேவையில்லை. மூன்று விரல் பிடி வந்துவிட்டதா, தொடங்கியதை முடிக்கிறதா, செய்ததைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசுகிறதா என்று வாரம் ஒருமுறை குறித்தால் போதும்.

பெற்றோரின் கேள்விக்கு நாங்கள் செயலாலேயே விடை தந்தோம். ஒரு மாலை அவர்களை வகுப்பில் அமரவைத்தோம். குழந்தைகள் ஈர்க்குகளை அடுக்கி 'ட', 'ப' அமைத்தார்கள். களிமண் பாம்பை வளைத்து 'வ' செய்தார்கள். "இந்த விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும்" என்று சொன்னோம். எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விடுமுறையில் சில வீடுகளின் திண்ணையில் குழந்தைகள் செய்த மண் சட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன.

விடுமுறைக்கு முன் உங்கள் ஊரில் எது கிடைக்கிறது என்று பாருங்கள். பனை இல்லாத ஊரில் தென்னையோ வாழையோ கோரையோ இருக்கும். அதை முடையவும் பின்னவும் தெரிந்த ஒருவர் ஏதாவது ஒரு குழந்தையின் வீட்டிலேயே இருப்பார். அவரை ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள்.