காரின் அடியில் "டக்" சத்தம்

இரவில் பிரசவ வலி வந்தால் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போக யாருடைய பழைய மொறிஸ் மைனரையாவதுதான் தேடுகிறோம். எல்கடுவ ஏற்றத்தில் கிளச்சை விடும்போது அடியில் "டக்" என்று கேட்டால் சும்மா விடாதீர்கள்.

கியர் பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் சாப்டின் இரு முனையிலும் யூனிவர்சல் ஜொயின்ட் உண்டு. நடுவில் சிலுவை; அதன் நான்கு கையிலும் ஊசி பெயரிங் உள்ள கிண்ணம். கிரீஸ் வற்றினால் ஊசிகள் தேயும். கிண்ண ஓரத்தில் செம்மண் மாதிரித் தூள் இருந்தால் கதை முடிந்தது. முன் ஜொயின்ட் ஓட்டத்தில் உடைந்தால் சாப்ட் விழுந்து ரோட்டில் குத்தும்.

சில்லுகளுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஜொயின்டின் இருபக்கத்தையும் எதிரெதிராக முறுக்குங்கள். சிலுவையில் ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும். சாப்ட் மொத்தமாகத் திரும்பினால் அது டிபரென்சல் ஆட்டம்.

ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகவே வேண்டாம், பின் அச்சுக்குக் கீழ் தடித்த மரக்கட்டை வையுங்கள். பிளாஞ்சு இரண்டிலும் பெயின்ட் கோடு போடுங்கள். நாம் ஒருமுறை போடாமல் மாட்டி, வேகம் எடுத்ததும் கார் முழுக்க நடுங்கியது!

நான்கு போல்டைக் கழற்றி, சாப்டை முன்னே தள்ளி, இறக்கி, பின்னால் இழுத்தால் வரும். கியர் ஒயில் சொட்டும், தகரம் வையுங்கள். கிளிப்பை எடுத்துக் கிண்ணங்களைத் தட்டி எடுக்கலாம். புதியதை ஏற்றும்போது கிளிப் பள்ளத்தில் உட்காராவிட்டால் உள்ளே ஊசி சரிந்திருக்கும். அடிக்காமல் கழற்றிப் பாருங்கள். பூட்டியபின் சிலுவை கையாலேயே மடங்க வேண்டும்.

ரத்தோட்டை ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்து நான்கு போல்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.