ஒரே சட்டையில் 600 கிலோமீட்டர்: வெயிலுக்குக் கம்பளி சரிப்படுமா?

கம்பளின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஊட்டி, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. ஏப்ரல் மாசம் ஈ.சி.ஆர்-ல சைக்கிள் மிதிக்கிற ஒருத்தன்கிட்ட போய் "கம்பளி டீ-ஷர்ட் போடு"ன்னு சொன்னா, "மச்சி, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?"ன்னுதான் கேப்பான். ஆனா உலகம் முழுக்க நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுறவங்கள்ல நிறைய பேர் கோடையிலயும் மெரினோ கம்பளிதான் போடுறாங்க. அது ஏன், நம்ம ஊர் வெயிலுக்கு அது சரிப்படுமா, வாங்கினா எதைப் பார்த்து வாங்கணும்? இந்த மூணு கேள்வியையும் கொஞ்சம் இன்ஜினியர் கண்ணோட பார்ப்போம்.

முதல்ல, இது ஏன் ஒரு பிரச்சினை? நம்ம காலேஜ்லயே சிலர் பி.ஆர்.எம் ரைடுக்குப் போறீங்க. 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 மணி நேரம் கெடு. 600 ஓட்டும்போது ரெண்டு பகல் ஒரே சட்டைதான். சைக்கிள்ல மாத்துத் துணிக்கு இடம் கிடையாது, துவைக்க நேரமும் கிடையாது. நடுவுல ரெண்டு மணி நேரம் தூங்கி, திரும்ப அதே ஈரச் சட்டையை மாட்டணும். முடிச்சுட்டு பஸ்லயோ ரயில்லயோ பக்கத்து சீட்காரர் மூஞ்சியையும் பார்க்கணும். நாத்தம்னா வெறும் கூச்சம்னு நினைக்காதீங்க. உப்பு பூத்த ஈரத்துணி அக்குள்லயும் தோள்லயும் உரசி உரசிப் புண்ணாகும். கால்ல தெம்பு இருந்தும் அந்தப் புண்ணால ரைடை பாதியில விடுறவங்க உண்டு.

நாத்தம் எங்கிருந்து வருது?

வேர்வைக்குப் பெரும்பாலும் வாசனையே கிடையாது. உடம்பு முழுக்க வர்ற வேர்வை தண்ணியும் உப்பும்தான். அக்குள்ல இருக்குற வேற வகைச் சுரப்பிகள் கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தை விடும். தோல் மேல இருக்குற பாக்டீரியாக்கள் அதை உடைச்சு, எளிதில் ஆவியாகிற அமிலங்களாவும் கந்தகச் சேர்மங்களாவும் மாத்தும். அதுதான் நம்ம மூக்குக்கு வர்ற கப்பு. ஆக மூணு விஷயம் சேரணும்: சாப்பாடு, பாக்டீரியா, ஈரம். மூணும் உங்க சட்டையில இருக்கு.

பாலியெஸ்டர் ஏன் இப்படி நாறுது?

ஸ்போர்ட்ஸ் ஜெர்சி எல்லாம் பாலியெஸ்டர்தான். அந்த ஃபைபருக்குத் தண்ணி பிடிக்காது, எண்ணெய் பிடிக்கும். தண்ணி சீக்கிரம் காஞ்சிடும், ஆனா தோல்ல இருந்து வர்ற எண்ணெய் ஃபைபர்லயே ஒட்டிக்கும். சாதாரணமா துவைச்சா முழுசா போகாது. அதனாலதான் துவைச்ச ஜெர்சிகூட போட்டு பத்து நிமிஷத்துல பழைய வாடையைக் கிளப்புது.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 26 பேரை ஒரு மணி நேரம் ஸ்பின்னிங் சைக்கிள் ஓட்டவிட்டு, அவங்க சட்டைகளை ஒரு நாளுக்கு மேல வெச்சிருந்து முகர்ந்து பார்த்தாங்க. காட்டனைவிட பாலியெஸ்டர் நாத்தம் மோசமா இருந்தது. மைக்ரோகாக்கஸ் வகை பாக்டீரியா செயற்கை இழையில நல்லா வளர்றதும் தெரிஞ்சது.

கம்பளி என்ன பண்ணுது?

கம்பளி பாக்டீரியாவைக் கொன்னுடும்னு விளம்பரத்துல போடுவாங்க. நம்பாதீங்க. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் காட்டன், கம்பளி, பாலியெஸ்டர் மூணையும் அக்குள்ல வெச்சுச் சோதிச்சு 2007-ல் வெளியிட்ட ஆய்வுல, கம்பளியில பாக்டீரியா உயிரோடதான் இருந்தது. ஆனா நாத்தம் மட்டும் குறைவு.

காரணம் கெமிஸ்ட்ரி. கம்பளி கெராட்டின்ங்கிற புரதம், நம்ம தலைமுடி மாதிரி. அதோட மூலக்கூறுல அமிலக் குழுவும் இருக்கு, காரக் குழுவும் இருக்கு. நாத்தம் தர்ற மூலக்கூறுகள் ஃபைபருக்கு உள்ள போய் அங்கேயே பிடிபட்டுக்கும், காத்துல சீக்கிரம் வெளிய வராது. துவைக்கும்போது தண்ணியில இறங்கிடும். சுருக்கமா, கம்பளி நாத்தத்தை ஒழிக்கல, துவைக்கிற வரைக்கும் பூட்டி வைக்குது.

ஒரு சின்ன கணக்கு

"கம்பளி வேர்வையை உறிஞ்சி உங்களைக் குளிர்ச்சியா வெச்சிருக்கும்"னும் சொல்வாங்க. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 சதவீத ஈரப்பதத்துல கம்பளி தன் எடையில சுமார் 16 சதவீதம் ஈரத்தை ஃபைபருக்குள்ள வெச்சிருக்கும். காட்டன் சுமார் 8, பாலியெஸ்டர் வெறும் 0.4 சதவீதம். கம்பளி அதிகபட்சம் 30 சதவீதம் வரைக்கும் எடுத்துக்கும்னு வெச்சுக்கலாம்.

டீ-ஷர்ட் எடை 150 கிராம். அதுல 30 சதவீதம்னா 45 கிராம் தண்ணி. வெயில்ல நல்லா மிதிக்கிறப்போ ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வேர்வை சாதாரணமா போகும். அதாவது நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 17 கிராம். 45-ஐ 17-ஆல வகுத்தா மூணு நிமிஷம்கூட வரல! அதுக்கப்புறம் கம்பளியும் மத்த துணி மாதிரி நனைஞ்சுதான் இருக்கும். காய்றதுக்கும் பாலியெஸ்டரைவிட நேரம் எடுக்கும்.

உண்மையில குளிர்ச்சி தர்றது ஆவியாதல். ஒரு லிட்டர் வேர்வை ஆவியானா சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் போகும். சொட்டி விழுந்தா அதுல ஒண்ணும் இல்ல. கடலோரப் புழுக்கத்துல காத்தே ஈரமா இருக்கும்போது எந்தத் துணியும் மாயம் பண்ணாது. அதனால கம்பளியை நாத்தத்துக்காக வாங்குங்க, குளிர்ச்சிக்காக வாங்காதீங்க. தலை சுத்தல், குமட்டல், குழப்பம் வந்தா சட்டையைப் பத்தி யோசிக்காம நிழல்ல உக்காருங்க, உடம்பு மேல தண்ணி ஊத்துங்க, கூட இருக்குறவங்களைக் கூப்பிடுங்க. குழப்பம் தெளியலன்னா உடனே 108.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

ஜி.எஸ்.எம்: திருப்பூர்காரங்களுக்கு இது தெரியும், ஒரு சதுர மீட்டர் துணியோட எடை கிராம்ல. வெயிலுக்கு 120-லிருந்து 150 வரை போதும். 200-க்கு மேல போனா அது குளிர்காலத் துணி.

மைக்ரான்: ஃபைபரோட விட்டம். 30 மைக்ரானுக்கு மேல தடிச்ச இழைகள்தான் தோல்ல குத்தி அரிப்பைத் தரும். பாட்டியோட கம்பளி ஏன் குத்துதுன்னு இப்போ புரியுதா? டீ-ஷர்ட்டுக்கு 19 அல்லது அதுக்குக் கீழ இருக்குற மெரினோவைப் பாருங்க.

கலப்பு: மெல்லிய முழு மெரினோ சீக்கிரம் ஓட்டை விழும், முக்கியமா பை உரசுற தோள்பட்டையில. 10, 15 சதவீதம் நைலான் கலந்தது கூட நாள் உழைக்கும். பாதிக்கு மேல பாலியெஸ்டர்னா கம்பளி விலை கொடுத்து பாலியெஸ்டர் நாத்தத்தை வாங்குறீங்க.

நிறமும் அளவும்: வெளிர் நிறம், கழுத்துல ஜிப், உடம்போட ஒட்டாம ஆனா காத்துல படபடக்காம இருக்குற அளவு.

ஆடு: ஆஸ்திரேலியாவுல ஈ முட்டை வைக்காம இருக்க மெரினோ ஆட்டோட பின்பக்கத் தோலை வெட்டி எடுக்குற மியூல்சிங் வழக்கம் இருக்கு. நியூசிலாந்து அதை 2018-ல் தடை பண்ணிடுச்சு. மியூல்சிங் இல்லாத கம்பளின்னு லேபிள்ல இருந்தா நல்லது.

உண்மைக் கம்பளியான்னு சந்தேகமா? உள்தையல்ல இருந்து ஒரு நூல் எடுத்து, இடுக்கியில பிடிச்சுக் கொளுத்துங்க. முடி கருகுற வாடை வந்து, நெருப்பை எடுத்ததும் அணைஞ்சு, சாம்பல் பொடியா உதிர்ந்தா கம்பளி. உருகி கெட்டி மணியா ஆனா செயற்கை இழை.

துவைக்கிறது எப்படி?

கம்பளி புரதம்ங்கிறதை மறக்காதீங்க. கறையைப் போக்க என்சைம் சேர்த்த சோப்புத்தூள்ல புரதத்தைத் தின்னுற புரோட்டியேஸ் இருக்கும். அது உங்க சட்டையையும் தின்னும். கம்பளிக்குன்னு விக்கிற திரவ சோப்பு போதும். 30 டிகிரிக்கு மேல வேண்டாம், ப்ளீச் வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். டவல்ல சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துட்டு நிழல்ல பரப்பிக் காயப்போடுங்க. ஹாஸ்டல் கொடியில தொங்கவிட்டா நீண்டுடும். ரைடு நடுவுல தூங்கும்போது கழட்டி காத்தாட விட்டாலே வாடை பாதி இறங்கிடும். பெட்டியில வைக்கும்போது நல்லா துவைச்சு வைங்க. அந்துப்பூச்சிக்கு அழுக்குக் கம்பளின்னா விருந்து.

எல்லாருக்கும் தேவையா?

இல்ல. காலையில 40 கிலோமீட்டர் ஓட்டிட்டு ரூமுக்கு வந்து குளிக்கிற ஆளுக்குச் சாதாரண பாலியெஸ்டர் ஜெர்சியே நல்லது. சீக்கிரம் காயும், விலை கம்மி, தினமும் துவைக்கலாம். நாத்தம் ஒட்டிக்கிட்டா சோப்புத் தண்ணியில கொஞ்ச நேரம் ஊறவெச்சுத் துவைங்க.

துவைக்க வழியில்லாம ரெண்டு நாளைக்கு மேல ஓட்டுறவங்களுக்குத்தான் மெரினோ. ஸ்டைபெண்ட்ல வாழ்றவங்க மொத்தமா எதுவும் வாங்க வேண்டாம். முதல்ல ஒரு ஜோடி சாக்ஸ். விலை குறைவு, வித்தியாசம் உடனே தெரியும், ரூம்மேட்டும் வாழ்த்துவான். அது பிடிச்சிருந்தா அப்புறம் ஒரு டீ-ஷர்ட். ஷார்ட்ஸுக்குக் கம்பளி தேடி அலையாதீங்க. அதுல இருக்குற பேட் எப்படியும் செயற்கைதான். வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் அதைத்தான் முதல்ல துவைக்கணும், ஏன்னா புண்ணு வர்றது அங்கதான்.

சாக்ஸை ஒரு 200-ல போட்டுப் பாருங்க. 600-க்கு டீ-ஷர்ட் வேணுமா வேண்டாமான்னு அதுவே சொல்லிடும்.