மழையில் கடலோரப் பயணமா?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மரக்காணம், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி பக்கம் குறைந்த செலவில் காரில் போகிறவர்களுக்கு:

1. கிளம்பும் முன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். ரெட் அலர்ட் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். உயிரைவிட விடுமுறை பெரிதல்ல.

2. ரத்து செய்யும் வசதியுள்ள அறையையே பதிவு செய்யுங்கள். புயல் வந்தாலும் முன்பணம் போகாது.

3. இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேருங்கள். தண்ணீர் மூடிய பள்ளம் இரவில் கண்ணில் படாது.

4. சாலையில் வெள்ளம் ஓடினால் வண்டியை இறக்காதீர்கள். ஓரடித் தண்ணீரே சிறிய காரை இழுத்துவிடும்.

5. பெட்ரோலையும் ரொக்கத்தையும் தாராளமாக வைத்திருங்கள். கரண்ட் போனால் பங்க்கும் யுபிஐயும் கைவிடலாம்.

6. ஆபத்தென்றால் 1077-ஐ அழையுங்கள். அது மாவட்டப் பேரிடர் உதவி எண்.